பெருங்கழியை அளந்தவர்

சேந்தன் அளவுகோலைக் கீழே வைத்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. முப்பது ஆண்டுகள் அரசருக்காக நிலம் அளந்தவர். வயல், தோப்பு, ஏரி, காடு என்று அவருடைய கோல் படாத மண் அந்த நாட்டில் குறைவு. வேலையை விட்ட மறுமாதமே குன்றின்மேல் இருந்த சமணப் பள்ளிக்குப் போய் மாணாக்கராகச் சேர்ந்தார்.

அந்தக் காலத்தில் சமணத் துறவியர் தங்கிப் பாடம் சொன்ன இடத்தைப் பள்ளி என்பார்கள். பாடம் சொல்லும் பெண் துறவியைக் குரத்தி என்பார்கள். அந்தக் குன்றின் குரத்திக்கு நற்காட்சி என்று பெயர். வயது முப்பத்துநான்கு. சேந்தனின் மகள் தத்தையைவிட இரண்டு வயது இளையவர். வேகமாக நடப்பார், குறைவாகப் பேசுவார். கணக்கு அவருக்கு வராது. இன்று எத்தனை பேருக்குச் சோறு என்று கேட்டால்கூட விரல் மடக்கித்தான் சொல்வார்.

ஊரில் இதைச் சொல்லிச் சிலர் சிரித்தார்கள். நாட்டையே அளந்த மனிதர், விரல் மடக்குகிறவரிடம் போய் என்ன கற்கப்போகிறார் என்றார்கள்.

சேந்தன் ஒரு கேள்வியோடு வந்திருந்தார்.

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, கடலோர மணல்மேட்டுக்கு உள்பக்கம் நாரைத்தாழ்வு என்றொரு சதுப்பு நிலம் இருந்தது. அதை வயலாக்க வேண்டும் என்று அன்றைய அரசர் விரும்பினார். சேந்தன் போய் அளந்தார். பரப்பு நூறு வேலி. நீளமும் அகலமும் விரற்கடை பிசகாமல் ஓலையில் எழுதினார். அங்கே என்ன இருக்கிறது என்று குறிக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சொல் எழுதினார். பாழ். உழவு நடக்காத நிலத்தை அப்படித்தான் எழுதுவது வழக்கம்.

மணல்மேட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு வடித்தார்கள். வீரநல்லூர் என்று அரசர் பெயரில் ஓர் ஊர் எழுந்தது. சேந்தனுக்கு இரண்டு வேலி நிலம் பரிசாகக் கிடைத்தது. நான்கு ஆண்டுகள் நெல் கொட்டியது. பிறகு விளைச்சல் சரிந்தது, கிணறுகள் உப்புக் கரித்தன. பன்னிரண்டாம் ஆண்டில் ஊர் காலியாகிவிட்டது.

ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு ஏதோ வேலையாக அந்தப் பக்கம் போனவர், வெட்டிய கால்வாயின் கரையில் நின்று பார்த்தார். மழைக்காலம்தான். ஆனால் எந்தச் சத்தமும் இல்லை. ஏதோ போயிருந்தது. எது போனது, எவ்வளவு போனது என்று சொல்ல அவருக்கு வழி தெரியவில்லை. அதன்பின் கோலைக் கையில் எடுக்க மனம் வரவில்லை.

பள்ளிக்கு வந்த முதல் நாளே கேட்டுவிட்டார்.

“அடிகளே, ஓர் இடத்தில் உயிர்கள் எவ்வளவு குறைந்தன என்று எப்படி அளப்பது? ஓர் இடத்தில் அளக்கத் தெரிந்துவிட்டால் உலகம் முழுவதும் அளக்கலாமே.”

குரத்தி அவரிடம் ஒரு வெள்ளைத் துணியையும் ஒரு குடத்தையும் கொடுத்தார்.

“தண்ணீர் எடுத்து வாரும்” என்றார்.

பள்ளியில் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். வடிகட்டியதும் துணியைப் புரட்டி, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிற்றுயிர்களை எடுத்த இடத்திலேயே அலசி விட வேண்டும். சுனையில் எடுத்தது சுனைக்கு. குளத்தில் எடுத்தது குளத்துக்கு. ஒருநாள் முழங்கால் வலி தாங்காமல், சுனைத் தண்ணீர் வடித்த துணியைக் குளத்திலேயே அலசிவிட்டார் சேந்தன். குரத்தி கடிந்துகொள்ளவில்லை. அதில் யார் யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டார். சேந்தனுக்குத் தெரியவில்லை. மறுநாள் துணியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். அன்றிலிருந்து தினமும் பார்த்தார். ஓர் ஆண்டு அப்படிப் போனது. அவருடைய கேள்வியைப் பற்றி இருவரும் மறுபடி பேசவில்லை.

அடுத்த ஆண்டு அரசரிடமிருந்து ஆள் வந்தது.

இப்போது நாட்டை ஆண்டவர் பழைய அரசரின் மகன், நெடுமுடி. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மழை பொய்த்து, மக்கள் கிழங்கு தோண்டித் தின்னும் நிலை வந்திருந்தது. குன்றுக்குக் கிழக்கே, கடலோர மணல்மேட்டுக்கு உள்பக்கம், பெருங்கழி என்று ஆயிரம் வேலிச் சதுப்பு கிடந்தது. அதை வடித்து நெல் விளைவிக்கலாம் என்பது அரசரின் எண்ணம். அதன் மேற்குக் கரை பள்ளிக்கு முன்பே மானியமாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அதனால் பள்ளியின் சம்மதம் வேண்டியிருந்தது.

குரத்தி கீழே இறங்கி அரண்மனைக்குப் போனார். வெட்டுவதற்கு முன் அங்கே என்ன வாழ்கிறது என்று அளக்க வேண்டும், அது ஒன்றுதான் தான் கேட்பது என்றார். அரசர் தை பிறக்கும்வரை நேரம் கொடுத்தார். அரண்மனை ஆவணங்களையெல்லாம் காத்த ஓலைநாயகம் ஒரு நிபந்தனை வைத்தார். கடைசியில் ஒற்றை எண் ஒன்று சொல்ல வேண்டும். இழப்பு இவ்வளவு என்று. அது வரப்போகும் நெல்லைவிடக் குறைவாக இருந்தால் வேலை தொடங்கும். அதற்குள் தெற்கு மூலையில் மணல்மேட்டை உடைத்துச் சோதனைக்கு ஒரு சிறு கால்வாய் வெட்டிப் பார்ப்போம் என்றும் சொன்னார். அரசர் தலையசைத்தார்.

குரத்தி குன்றுக்குத் திரும்பிவந்து சேந்தனைக் கூப்பிட்டார்.

“நீர்தான் அளக்கப்போகிறீர்” என்றார்.

வைகாசியில் சேந்தன் தோணியில் ஏறினார். கயிறு கட்டிக் கழியைச் சதுரம் சதுரமாகப் பிரித்தார். சுற்றியிருந்த பன்னிரண்டு ஊர்களிலிருந்து மீன் பிடிப்பவர்களும் கோரை அறுப்பவர்களும் கூட வந்தார்கள். அவர்கள் பெயர் சொல்லச் சொல்ல ஓலையில் குறித்தார்.

முதல் மாதம் சுலபமாக இருந்தது. அப்புறம் குழப்பம் ஆரம்பித்தது. ஒரே மீனுக்குச் சின்னதாக இருக்கும்போது ஒரு பெயர், பெரியதானால் இன்னொரு பெயர். இரண்டு வகை என்று எழுதிய வாத்து ஆணும் பெண்ணுமாக இருந்தது, ஒன்றை அடித்தார். ஒன்று என்று எழுதிய நண்டு மூன்று வகையாக இருந்தது. மழைக்காலம் தொடங்கியதும் எங்கிருந்தோ புதிய பறவைகள் வந்து இறங்கின. ஆனியில் எண்ணியது ஐப்பசியில் பொருந்தவில்லை. ஒருநாள் ஒரு கைப்பிடிச் சேற்றை வெள்ளைத் துணியில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை பார்த்தும் அதில் நெளிந்தவற்றில் பாதிக்கு யாருக்கும் பெயர் தெரியவில்லை. கழியில் எத்தனை கைப்பிடிச் சேறு இருக்கும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

கார்த்திகையில் சோர்ந்துபோய்க் குன்றேறினார். குரத்தி மயிற்பீலியால் பாறையைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“முடிவுக்கு வரவில்லை, அடிகளே” என்றார் சேந்தன். “போன வாரம் இருநூற்றொன்பது வகை. இன்று இருநூற்றுப் பன்னிரண்டு. இருப்பதையே எண்ணி முடிக்க முடியாதவன், இழக்கப்போவதை எப்படிச் சொல்வேன்?”

குரத்தி நிமிர்ந்தார்.

“இழப்பை ஏன் இங்கே தேடுகிறீர்? இங்கே இன்னும் எதுவும் போகவில்லையே.”

சேந்தன் கீழே இறங்கினார்.  மறுநாள் காலை வீரநல்லூருக்கு நடக்கத் தொடங்கினார். இரண்டு நாள் வழி.

ஒரு காலத்தில் நானூறு வீடு இருந்த ஊரில் பதினொரு வீட்டில்தான் அடுப்பு எரிந்தது. வயலாக இருந்த இடத்தில் பாத்தி கட்டி உப்பு விளைவித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கொற்றி என்ற பெண்ணைப் பார்த்தார். நாற்பது வயது இருக்கும். சதுப்பு சதுப்பாக இருந்தபோதே அதன் கரையில் பிறந்தவள். உப்பு வாரும் பலகையைக் கீழே வைக்காமலே அவருடைய கேள்விக்குப் பதில் சொன்னாள்.

“முதல்ல நத்தை போச்சு ஐயா. யாரும் கவனிக்கலை. எனக்கு எப்படித் தெரியும்னா, என் மூத்தவ பால் மறந்த வருஷம் அவளுக்கு நத்தைக்கறிதான் ஆக்கிப் போடுவேன். திடீர்னு ஒருநாள் தேடினா வெறும் ஓடாக் கிடக்குது.”

அடுத்த ஆண்டு நத்தைகொத்தி நாரைகள் வந்தன. ஒரு வாரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. பிறகு வரவேயில்லை.

“அதுக்கப்புறம் தவளை. நல்லா மழை பெய்யுது, ஒரு சத்தம் இல்லை. என் வீட்டுக்காரர் தன் காதுதான் அடைச்சுப்போச்சுன்னு நினைச்சு எண்ணெய் விட்டுக்கிட்டார்.”

தவளை போன ஆண்டில்தான் நெல்லில் பூச்சி விழுந்தது. பிறகு ஆம்பல் கருகியது. அதன் பிறகு கிணறு.

“கிணறு கடைசி. கிணறு கரிச்ச பிறகுதான் ஊரே பேச ஆரம்பிச்சுது” என்றாள் கொற்றி.

நத்தையிலிருந்து கிணறு வரை எத்தனை ஆண்டு என்று சேந்தன் கேட்டார். அவள் தன் பிள்ளைகள் ஒவ்வொருவரும் பிறந்த ஆண்டை வைத்துக் கணக்குப் பார்த்து, ஏழு என்றாள்.

அந்த ஊரை விட்டுப் போய்ப் பக்கத்து ஊர்களில் குடியிருந்தவர்களையும் தேடிப் பிடித்துக் கேட்டார். ஒரு வருஷம் முன்பின் சொன்னார்களே தவிர, எது எதற்குப் பின் போனது என்பதில் யாரும் மாறவில்லை. செத்துப்போன கிணறுகள் நாற்பத்திரண்டு. கால்வாயிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்று பார்க்கக் கொற்றியின் வீட்டிலிருந்து ஒரு மூங்கிலைக் கேட்டு வாங்கிக் கணுவில் வெட்டிக் கோலாக்கினார். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் கையில் மறுபடி கோல் இருந்தது. கால்வாய்க்கு அருகில் இருந்த கிணறு முதலில் கரித்திருந்தது. தள்ளியிருந்தது தள்ளிக் கரித்திருந்தது. கடல் தண்ணீர் மண்ணுக்கு அடியில் ஆண்டுக்கு எத்தனை கோல் நடந்திருக்கிறது என்று அவரால் இப்போது சொல்ல முடிந்தது.

அங்கிருந்து நேராகப் பெருங்கழியின் தெற்கு மூலைக்கு வந்தார். சோதனைக் கால்வாய் வெட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது. தண்ணீருக்குள் இறங்கி, குனிந்து, கையால் துழாவிக்கொண்டே நடந்தார். நத்தை ஓடுகள் கிடைத்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எல்லாம் வெற்று ஓடு. கால்வாயிலிருந்து அறுபது கோல் தூரம்வரை உயிருள்ள நத்தை ஒன்றுகூட இல்லை. அறுபத்தோராவது கோலில் ஒன்று கோரைத் தண்டில் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டார்.

இதற்குள் ஓலைநாயகம் தம் கணக்கை முடித்திருந்தார். அவர் கெட்டவர் அல்ல. பசித்த நாட்டுக்கு நெல் வேண்டும் என்று மனதார நினைத்தவர். சேந்தனின் பட்டியலை வாங்கி, மீன், கோரை, ஆம்பல் கிழங்கு, வாத்து என்று பயன் தெரிந்த நாற்பத்தொரு வகைக்கும் நெல்லில் மதிப்புப் போட்டிருந்தார். மீதி நூற்று எழுபத்தொரு வகைக்கு எதிரே பாழ் என்று எழுதியிருந்தார். அந்தக் காலத்தில் கணக்கில் ஒன்றுமில்லை என்பதற்கும் அதே சொல்தான். கூட்டிப் பார்த்தால், வரப்போகும் நெல்லில் கால் பங்குகூட இல்லை.

அந்த ஓலையின் படியைச் சேந்தன் குரத்தியிடம் காட்டினார். கணக்கு வராத குரத்தி அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரே சொல் கீழ்க்கீழே வரிசையாக நின்ற இடத்தில் விரலை வைத்தார்.

“இது என்ன?”

“பயன் தெரியாதவை, அடிகளே. அதனால் பாழ்.”

“தெரியாததற்கும் இல்லாததற்கும் ஒரே சொல்லா?”

  சேந்தன் இருபது ஆண்டுகளுக்கு முன் எழுத்தாணி பிடித்திருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சபையில் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கு இப்போது தெரிந்தது. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. தவறான அளவு கொடுத்தவரின் கோலைச் சபை நடுவே முறிப்பார்கள். அந்த அளவுக்காகக் கிடைத்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தத்தையும் அவள் கணவனும் மூன்று பிள்ளைகளும் அந்த இரண்டு வேலியில்தான் வாழ்ந்தார்கள்.

மகளிடம் முதலில் சொல்லிவிடலாம் என்று போனார். தத்தை நெல் புடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். முறம் ஒருமுறை நின்றது.

“பொய் அளவா கொடுத்தீங்க, அப்பா?”

“பொய் இல்லை, அம்மா. பார்க்காமல் எழுதிவிட்டேன்.”

அவள் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். சோறு போட்டாள். சாப்பிட்டு எழுந்தவரை நிறுத்தி, இந்தச் சேற்று வேட்டியோடு சபைக்குப் போகக்கூடாது என்று சொல்லி, துவைத்துக் காயவைத்துக் கொடுத்தாள்.

மார்கழிக் கடைசியில் சபை கூடியது. குரத்தியும் வந்திருந்தார். பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். ஓலைநாயகம் தம் கணக்கைப் படித்து முடித்ததும், அரசர் சேந்தன் பக்கம் திரும்பி எண்ணைக் கேட்டார்.

“இருநூற்றுப் பன்னிரண்டு வகை பார்த்தேன், அரசே” என்றார் சேந்தன். “பார்க்காதது எத்தனை என்று தெரியாது. தெரியாது என்றே எழுதியிருக்கிறேன்.”

சபையில் சிலர் சிரித்தார்கள். ஏழு மாதம் அளந்துவிட்டுத் தெரியாது என்றால் அது என்ன அளவு என்று ஓலைநாயகம் கேட்டார்.

“ஐயா, உங்கள் ஓலையில் நூற்று எழுபத்தொரு இடத்தில் ஒரு சொல் இருக்கிறது. அதே சொல்லை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். நாரைத்தாழ்வின் ஓலையை எடுத்துவரச் சொல்லுங்கள்.”

ஓலை வந்தது. அரசர் வாங்கிப் படித்தார்.

“இது உம் எழுத்துத்தானா?”

“ஆம், அரசே. நான் கொடுத்தது தவறான அளவு.”

சிரிப்பு நின்றுவிட்டது. சேந்தன் நத்தையிலிருந்து தொடங்கினார். நாரை, தவளை, பூச்சி, ஆம்பல், கிணறு என்று கொற்றி சொன்ன வரிசையிலேயே சொன்னார். கால்வாயிலிருந்து ஒவ்வொரு கிணற்றுக்கும் உள்ள தூரத்தைச் சொன்னார். குரல் முதலில் நடுங்கியது. தூரங்களைச் சொல்லத் தொடங்கியதும் நடுக்கம் போய்விட்டது. அது அவருடைய தொழில்.

“பெருங்கழியைச் சுற்றிப் பன்னிரண்டு ஊர். முந்நூற்று நாற்பது கிணறு. அங்கே நத்தைக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஏழு ஆண்டு இருந்தது. இங்கே சோதனைக் கால்வாயை ஒட்டி அறுபது கோலுக்கு நத்தை இல்லை. அந்த ஏழு ஆண்டை நாம் எண்ணத் தொடங்கிவிட்டோம், அரசே.”

 தந்தை உண்டாக்கிய ஊரைத் தவறு என்று ஒருவர் தன் முகத்துக்கு நேரே சொன்னதை அரசர் ஏற்பாரா என்று எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அரசர் எழுந்தார். நாளைக் காலை வீரநல்லூருக்குப் போகிறோம், ஓலைநாயகமும் வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

அங்கே கொற்றி கிணற்றில் நீர் இறைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் கொடுத்தாள். குடிக்கவேண்டாம், வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுங்கள் என்றாள். அரசர் துப்பவில்லை. விழுங்கினார். முகம் சுளித்தது. இதுபோல எத்தனை என்று கேட்டார். நாற்பத்திரண்டு என்று அவளும் சேந்தனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அரசர் ஓலைநாயகத்திடம் சிரட்டையை நீட்டினார். அவரும் குடித்தார்.

திரும்பும்போது அரசர் சேந்தனைப் பக்கத்தில் அழைத்தார்.

“தவறான அளவுக்கு உம் கோலை முறிக்க வேண்டும்.”

“கோலை இரண்டு ஆண்டுக்கு முன்பே கீழே வைத்துவிட்டேன், அரசே. இப்போது இருப்பது கொற்றி கொடுத்த மூங்கில்.”

அரசரின் உதட்டோரம் லேசாக அசைந்தது.

“நிலம்?”

“எடுத்துக்கொள்ளலாம். மகளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.”



“என் தந்தை கொடுத்ததை நான் திரும்ப வாங்குவதில்லை” என்றார் அரசர். “அவர் வெட்டியதை மூடலாம்.”

தை பிறந்தது. சோதனைக் கால்வாயை மூடப் பன்னிரண்டு ஊரும் திரண்டு வந்தன. பறை முழங்கியது. கோரை முடைபவர்கள் பெரிய பெரிய பாய்களாக முடைந்து கொண்டுவந்து அடியில் விரித்தார்கள். அதன்மேல் மண் விழுந்தது. ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று கூடை மாற்றினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. எழுந்த ஆரவாரத்தில் கழியின் பறவையெல்லாம் ஒன்றாகக் கிளம்பி வானத்தை மறைத்தன. அந்த வரிசையில் சேற்றில் முழங்கால்வரை புதைந்து நின்றவர்களில் ஓலைநாயகமும் ஒருவர். தலைப்பாகை எங்கோ விழுந்துவிட்டது. அதை அவர் தேடவில்லை.

அங்கிருந்து நானூறு பேர் வீரநல்லூருக்குப் போனார்கள். பழைய கால்வாய் பெரியது, இருபது நாள் பிடித்தது. முதல் கூடை மண்ணைக் கொட்டியவள் கொற்றி. அவளுடைய உப்புப் பாத்தியும் அந்தக் கால்வாய்த் தண்ணீரைத்தான் நம்பியிருந்தது. அரசர் அதை மறக்கவில்லை. அந்தப் பதினொரு வீட்டுக்கும் நல்ல நீர் ஊறும்வரை அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து நெல் போனது.

பசி ஒரே நாளில் தீரவில்லை. பெருங்கழியின் ஓரத்து ஊர்க்காரர்கள், தண்ணீர் ஏற ஏறத் தானும் உயரும் நெட்டை நெல் ஒன்று தங்களிடம் இருப்பதாகச் சொன்னார்கள். அதுவரை யாரும் அவர்களைக் கேட்டதில்லை. அதைக் கரையோரம் விதைத்தார்கள். ஆயிரம் வேலி நெல் அல்ல அது. ஆனால் அந்த ஆண்டைப் பன்னிரண்டு ஊரும் தாண்டின. அடுத்த ஆண்டு மழை பெய்தது.

மூன்றாம் மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பள்ளியில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது கொற்றி குன்றேறி வந்தாள். இரண்டு நாள் நடந்திருந்தாள். கையில் ஈரத் தாமரை இலைப் பொட்டலம். மூச்சு வாங்கிக்கொண்டே சேந்தன் முன்னால் அதைப் பிரித்தாள்.

உள்ளே ஒரு நத்தை இருந்தது. கொஞ்ச நேரம் ஓட்டுக்குள்ளேயே கிடந்தது. பிறகு மெல்லத் தலையை நீட்டியது.

“நம்ம ஊரு தண்ணியில, ஐயா” என்றாள் கொற்றி. “பழைய கால்வாய் ஓரத்துல. ஒண்ணு இல்லை, நிறைய.”

சேந்தன் இலையோடு அதைக் கையில் வாங்கினார்.  மாணாக்கர்கள் எல்லோரும் பாடத்தை விட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். குரத்தியும் வந்து குனிந்து பார்த்தார். அன்று முழுவதும் பாடம் நடக்கவில்லை. யாரும் அதைக் கேட்கவுமில்லை.

அந்தக் கார்த்திகையில் நாரைத்தாழ்வுக்கு ஒன்பது நாரைகள் வந்தன. அவை ஒரு வாரத்தில் போய்விடவில்லை. தை முடியும்வரை இருந்தன. ஊரைவிட்டுப் போன குடும்பங்களில் முப்பது திரும்பி வந்தன.

பெருங்கழியை இனி யாரும் வெட்டக்கூடாது என்ற ஆணையைக் கல்லில் பொறித்துக் கரையில் நட அரசர் முடிவு செய்தார். அங்கே வாழும் உயிர் வகைகளின் எண்ணிக்கையும் அதில் இருக்க வேண்டும் என்று விரும்பினார். கல்தச்சரை அனுப்பிச் சேந்தனிடம் கேட்கச் சொன்னார். சேந்தனுக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. வாரத்தில் நான்கு நாள் தோணியில்தான் இருந்தார். ஓலைநாயகமும் சில நாள் கூடப் போவார்.

சேந்தன் கல்தச்சரை அழைத்துக்கொண்டு குரத்தியிடம் வந்தார்.

“எந்த எண்ணைச் செதுக்கச் சொல்ல, அடிகளே?”

“இன்றைக்கு எத்தனை?”

“இருநூற்று அறுபத்துநான்கு.”

“அதையே செதுக்கட்டும். அதன் கீழே இடம் விடட்டும்.”

எவ்வளவு இடம் விடுவது என்று கல்தச்சர் சேந்தனைப் பார்த்தார். சேந்தன் குரத்தியைப் பார்த்தார். கீழே பெருங்கழி வெயிலில் மின்னிக்கொண்டு, கண்ணுக்கு எட்டிய தூரம்வரை விரிந்து கிடந்தது. குரத்தி விரல் மடக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டுச் சிரித்தார்.

“பெரிய கல்லாகவே எடுக்கச் சொல்லும்” என்றார்.